கம்பி இல்லாமல் வந்த போக்கிமான்

1996 பிப்ரவரி 27. ஜப்பானில் போக்கிமான் ரெட், போக்கிமான் கிரீன் என்று இரண்டு கேம்கள் ஒரே நாளில் கடைக்கு வந்தன. இரண்டுமே நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாயில் ஆடுவதற்கானவை. கதை ரொம்பச் சின்னது. ஒரு பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். புல்லிலும் குகையிலும் கடலிலும் திரியும் விசித்திரப் பிராணிகளைப் பிடிக்கிறான், வளர்க்கிறான், மற்றவர்களின் பிராணிகளோடு மோத விடுகிறான். எட்டு ஜிம் தலைவர்களை ஜெயித்துக் கடைசியில் சாம்பியன் ஆகிறான். மொத்தம் 150 பிராணிகள். ஒளிந்திருக்கும் மியூவையும் சேர்த்தால் 151.

ஜப்பானில் இது எப்படிப் பிறந்தது, அமெரிக்காவில் எப்படிப் பைத்தியமாக மாறியது என்பதெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்ட விஷயம். ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரி ஊர்களுக்கு இது எந்த வழியாக வந்தது, வருகிற வழியில் எதைத் தொலைத்துவிட்டு வந்தது என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. தொலைந்தது ஒரு சின்னப் பொருள்தான். ஒரு கம்பி!

பூச்சி பிடித்த பையன்

இந்த கேமை உருவாக்கியவர் சடோஷி தஜிரி. 1965ல் பிறந்தவர். டோக்கியோவின் ஓரத்தில் இருக்கும் மச்சிதா என்ற இடத்தில் வளர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே வயல், ஓடை, குளம், மரம் எல்லாம் இருந்தன. தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதில் அவ்வளவு ஆர்வம். கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'பூச்சி டாக்டர்'தான்.

டோக்கியோ வளர வளர மச்சிதா மாறியது. வயல் வீடானது. மீன் பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கடை வந்தது. பூச்சிகள் போய்விட்டன. தஜிரியும் பூச்சியை விட்டுவிட்டு வீடியோ கேம் பக்கம் போனார். 1983ல் 'கேம் ஃப்ரீக்' என்ற பெயரில் கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஒன்றை ஆரம்பித்தார். அதற்குப் படம் வரைய வந்தவர்தான் கென் சுகிமோரி. பின்னாளில் போக்கிமான்களுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. 1989ல் அந்தப் பத்திரிகை ஒரு கம்பெனியாக மாறியது.

ஓசூர்க்காரர்களுக்கு மச்சிதாவின் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கேழ்வரகு வயலும் ஏரியும் குளிர்ந்த காற்றுமாக இருந்த ஊர் அது. 1970களில் சிப்காட் வந்தது. 1980ல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. பிறகு டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை. அதன் பிறகு பெங்களூரு தெற்கே நகர்ந்து நகர்ந்து அத்திப்பள்ளி வரை வந்துவிட்டது. வயல் லே-அவுட் ஆனது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் போட்டு, கருவேல இலையைத் தின்னக் கொடுத்து, அது முட்டை போட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்த பிள்ளைகள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. ஒரு பொன்வண்டுக்கு இரண்டு தும்பி என்று பேரம் பேசி மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அந்த மாற்றிக்கொள்ளுதலில்தான் இந்த விளையாட்டின் உயிரே இருக்கிறது.

கம்பிக்குள் ஊர்ந்த பூச்சி

கேம்பாய் 1989ல் வந்தது. வடிவமைத்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பழகித் தேய்ந்த, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980ல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற குட்டி விளையாட்டுக் கருவியைச் செய்தார் என்பார்கள். அது கடிகாரமாகவும் வேலை செய்தது!

கேம்பாயும் அதே வழிதான். வண்ணம் கிடையாது. பச்சை கலந்த நான்கு சாயல் மட்டுமே. திரையின் அளவு 160க்கு 144 புள்ளி. நினைவகம் 8 கிலோபைட். நாலு பென்சில் பேட்டரி போட்டால் பல மணி நேரம் ஓடும். பக்கவாட்டில் ஒரு துளை. இரண்டு கேம்பாய்களை ஒரு கம்பியால் இணைப்பதற்கான துளை அது. முதலில் அதை டெட்ரிஸ் போன்ற கேம்களில் இரண்டு பேர் போட்டி போடத்தான் பயன்படுத்தினார்கள்.

தஜிரி அந்தக் கம்பியைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது வேறு. ஒரு பூச்சி அந்தக் கம்பி வழியாக ஊர்ந்து இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவது மாதிரி அவர் கற்பனை செய்தார். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கக் கம்பி இருக்கிறது, கொடுத்து வாங்கவும் அதே கம்பி இருந்தால் என்ன? இதுதான் போக்கிமானின் விதை. 1990ல் விழுந்த அந்த விதை முளைத்துக் கடைக்கு வர ஆறு வருடம் ஆனது. நடுவில் கேம் ஃப்ரீக் கம்பெனி மூடுகிற நிலைக்கே போய்வந்தது.

அந்த ஆறு வருட உழைப்பின் முக்கியமான முடிவு, கேமை வேண்டுமென்றே அரைகுறையாக்கியது. ரெட் பதிப்பில் க்ரோலித், மேன்கி, சைத்தர் கிடைக்கும். வல்பிக்ஸ், மியாவ்த், பின்சிர் கிடைக்கவே கிடைக்காது. அவை மற்ற பதிப்பில் இருக்கும். ஆரம்பத்தில் கிடைக்கும் மூன்று போக்கிமான்களில் ஒன்றைத்தான் எடுக்கலாம். கடப்ரா, மஷோக், கிராவ்லர், ஹாண்டர் என்ற நான்கும் கம்பி வழியாக இன்னொருவரிடம் போனால் மட்டுமே அடுத்த நிலைக்கு வளரும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனி ஆளாக உட்கார்ந்து இந்த கேமை முழுமையாக முடிக்க முடியாது. பக்கத்தில் ஒரு நண்பன் வேண்டும், அவனிடம் மற்ற பதிப்பு இருக்க வேண்டும், இருவருக்கும் நடுவில் ஒரு கம்பி வேண்டும்.

கேமுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த மியூவின் வதந்தி வேறு பரவியது. கொரோகொரோ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மியூ தருவதாகப் போட்டி வைத்தபோது 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அதன்பிறகு இந்த கேமை யாராலும் நிறுத்த முடியவில்லை. ரெட், கிரீன், ப்ளூ மூன்றும் சேர்ந்து உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றன.

இந்தியாவுக்கு வந்த வழி

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

நின்டெண்டோ இந்தியாவில் பெரிய அளவில் கடை விரிக்கவே இல்லை. கேம்பாய் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள். மற்றபடி இங்கே கையில் பிடித்து ஆடிய கருவி என்றால், '9999 இன் 1' என்று அட்டையில் போட்டு விற்ற பிரிக் கேம்தான். உள்ளே டெட்ரிஸும் ஒரு காரும் ஒரு பாம்பும் இருக்கும். அவற்றையே வேகம் மாற்றி 9999 என்று எண்ணிக் கணக்குக் காட்டியிருப்பார்கள்!

போக்கிமான் இங்கே முதலில் கார்ட்டூனாகத்தான் வந்தது. 2003ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பு ஆரம்பித்தது. ஆஷும் பிகாச்சுவும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்கள் ஆனார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் படம் போட்ட டாசோ வில்லைகள் வந்தன. கார்ட்டூனைப் பார்த்த பிள்ளைகள் இது ஒரு கேமிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டதும் தேட ஆரம்பித்தார்கள்.

கிடைத்தது எமுலேட்டர். அதாவது, கம்ப்யூட்டரை ஒரு கேம்பாய் மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள். விஷுவல் பாய் அட்வான்ஸ் என்ற எமுலேட்டர்தான் அப்போது பிரபலம். கேமின் நகலுக்குப் பெயர் ரோம். போக்கிமான் ரெட் மொத்தமே 1 எம்பி. 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் கான்டோ நாடு முழுவதும், அதன் ஊர்கள், குகைகள், 151 பிராணிகள் உட்பட அடங்கிவிடும். மீதி இடமும் இருக்கும். ஓசூரிலிருந்து சென்னை ரிச்சி தெரு 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரின் எஸ்.பி. ரோடு 40 கிலோமீட்டர் சொச்சம்தான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஒரே சாலை. கம்ப்யூட்டர் பாகங்களும் சிடிக்களும் இந்தப் பக்கத்துக்கு வந்தது பெரும்பாலும் அந்தச் சாலையில்தான். சிடி இல்லாதவர்களுக்குப் பிரவுசிங் சென்டர் இருந்தது.

இது முறைப்படி வாங்கிய கேம் இல்லை, திருட்டு நகல்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. காசு கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்கும் பக்கத்தில் கடை இருந்ததில்லை என்பதும் சேர்ந்ததுதான் அந்த வரலாறு.

'பலகை பொருத்தப்படவில்லை'

2004 ஜனவரி 29ல் ஜப்பானில் ஃபயர் ரெட், லீஃப் கிரீன் வெளிவந்தன. பழைய ரெட், கிரீன் கதையை கேம்பாய் அட்வான்ஸுக்காக வண்ணத்தில் புதிதாகச் செய்தவை. பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 9ல், தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தின் வயதும் ஃபயர் ரெட்டின் வயதும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம்!

தமிழ்நாட்டில் போக்கிமான் ஆடியவர்கள் நிறையப் பேருக்கு முதல் கேம் இந்த ஃபயர் ரெட்தான். '1636' என்ற எண்ணில் தொடங்கி 'ஸ்குவிரல்ஸ்' என்று முடியும் அந்த ஃபைல் பெயரை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆசையாக கேமைத் திறந்தால் சில சமயம் ஒரு வெறும் திரை வரும். 1எம் துணைச் சுற்றுப் பலகை பொருத்தப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அவ்வளவுதான், மேலே போகாது.

என்ன பலகை? எங்கே பொருத்துவது? கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க வேண்டுமா?

உண்மையில் அது அசல் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும், ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் நினைவகத்தைத் தேடிய கேமின் குரல். எமுலேட்டரில் சேமிப்பு வகையை 'ஃப்ளாஷ் 128கே' என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜையே கண்ணால் பார்த்திராத ஒரு பிள்ளையிடம் கேம் அந்தக் கார்ட்ரிட்ஜின் ஒரு துண்டைக் கேட்கிறது. தனக்கு ஒரு உடம்பு இருந்தது, அது இங்கே இல்லை என்று கேமே சொன்ன மாதிரிதான் அது.

உடம்பு இல்லாததன் கஷ்டம் வேறு விதங்களிலும் தெரிந்தது. பேட்டரியில் ஓட வேண்டிய கேம் இங்கே கரண்டில் ஓடியது. 2008க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். விக்டரி ரோடு குகையின் நடுவில் கரண்ட் போனால், கடைசியாக சேமித்த இடத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டியதுதான். பிரவுசிங் சென்டர்களில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் போட்டிருந்தால் இன்னும் மோசம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நேற்று வளர்த்த சாரிசார்ட் இன்றைக்கு இருக்காது. சேவ் ஃபைலை ஃப்ளாப்பியிலோ பென் டிரைவிலோ எடுத்துப் போகத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

கம்பி இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு அந்தக் கம்பிதான். ஃபயர் ரெட் கேமுடன் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கம்பியில்லா இணைப்புக் கருவியைச் சேர்த்தே கொடுத்தார்கள். இங்கே கம்பியும் இல்லை, கம்பியில்லாக் கருவியும் இல்லை. கடப்ராவை நூறாவது லெவல் வரை வளர்த்தாலும் அது கடப்ராவாகவே இருந்தது. அது அலகசாமாக மாறும் என்று கார்ட்டூன் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேமில் மட்டும் மாறவில்லை. லெவல் போதவில்லை என்று நினைத்து வளர்த்துக்கொண்டே போனவர்கள் எத்தனை பேரோ!

முதல் வழி, சீட் கோடு. எமுலேட்டரில் ஒரு வரி எண்ணை அடித்தால் வேண்டிய போக்கிமான் புல்லிலிருந்து வரும். இரண்டாவது வழி, பழைய ரெட், ப்ளூ பதிப்பில் இருந்த மிஸ்ஸிங்நோ பிழை. விரிடியன் ஊரில் ஒரு கிழவர் போக்கிமான் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு சின்னபார் தீவுக்குப் பறந்து போய் கிழக்குக் கரையோரம் நீந்தினால் இல்லாத ஒரு போக்கிமான் வரும். பையில் ஆறாவது இடத்தில் இருக்கும் பொருள் 128 கூடிவிடும். கிழவர் பிடித்துக் காட்டும்போது, ஆடுபவரின் பெயரைக் கொஞ்ச நேரம் காட்டுப் போக்கிமான் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் கேம் வைத்துவிடுகிறது. பெயரின் எழுத்துக்களையே போக்கிமானாகப் படித்துவிடுவதால் வந்த பிழை இது. ஜப்பானிய எஞ்சினியர்களின் அந்தச் சின்னக் கவனக்குறைவு எமுலேட்டரிலும் அப்படியே வேலை செய்தது.

மூன்றாவது வழிதான் அழகானது. கேமுக்குள் செய்ய முடியாத பண்டமாற்றைப் பிள்ளைகள் கேமுக்கு வெளியே செய்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோவை பெஞ்சுக்கு அடியில் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு ஸ்குவிர்ட்டலுக்கு ஒரு பிகாச்சு. ஓசூர்ப் பள்ளிகளில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். பல்பசார் எல்லா மொழியிலும் பல்பசார்தான். பேரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கேமே எந்த இந்திய மொழியிலும் வரவில்லை. 2023ல் போக்கிமான் கோ இந்தியைச் சேர்த்ததுதான் அந்தப் பக்கம் முதல் அடி. தமிழ் இன்னும் காத்திருக்கிறது.

இன்று மறுபடி ஆடிப் பார்த்தால்

பழைய ரெட் பதிப்பை இன்று எடுத்து ஆடினால் குறைகள் கண்ணைக் குத்தும். ஓட முடியாது, நடைதான். பையில் 20 வகைப் பொருள்தான் வைக்கலாம். ஒரு பெட்டியில் 20 போக்கிமான் நிறைந்துவிட்டால், நாமே போய்ப் பெட்டியை மாற்றும் வரை புதிதாகப் பிடிக்க முடியாது. சைக்கிக் வகை போக்கிமான்களை எதிர்க்க ஆளே இல்லை. பேய் வகைத் தாக்குதல் சைக்கிக் வகைக்கு எமன் என்று கேமில் ஒருவர் சொல்வார். நிஜத்தில் ஒரு பிழையால் அது துளிகூட வேலை செய்யாது! அடியை பலமாக்க வேண்டிய ஃபோகஸ் எனர்ஜி என்ற வித்தை, அதற்கு நேர் எதிராக வேலை செய்யும்.

இவ்வளவு பிழைகளுக்கு நடுவிலும் கேம் இழுக்கிறது. காரணம், அந்த உலகத்தைக் கட்டிய விதம். தாகத்தில் இருக்கும் காவலாளிக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தால்தான் சாஃப்ரன் நகரத்துக்குள் விடுவான். தூங்கும் ஸ்னார்லாக்ஸை எழுப்பப் புல்லாங்குழல் வேண்டும். ஜிம்களில் சிலவற்றை முன்பின்னாக முடிக்கலாம். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டாமல் ஊர்க்காரர்கள் பேச்சிலேயே வழி சொல்லும் கேம் இது. ஒவ்வொருவர் பயணமும் கொஞ்சம் வேறாக இருப்பதால் ஒப்பிட்டுப் பேச விஷயம் இருந்தது. கம்பி இல்லாத ஊரிலும் இந்த கேம் பிழைத்ததற்கு அந்தப் பேச்சே காரணம்.

கம்பி திரும்பி வந்தது

ஆண்ட்ராய்டு போன்கள் பரவிய பிறகு 'மை பாய்' என்ற எமுலேட்டர் வந்தது. அதில் இரண்டு போன்களை ப்ளூடூத் அல்லது வைஃபை வழியாக இணைக்கலாம். பழைய கம்பியைக் கம்பி இல்லாமலே நடிக்க வைத்தார்கள். கடப்ரா ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய் அலகசாமாகத் திரும்பி வந்தது. தஜிரி கற்பனை செய்த பூச்சி, இருபது வருடம் கழித்து, இந்தியப் பிள்ளைகளின் கைகளுக்கு நடுவில் ஊர்ந்தது.

2016ல், இருபதாம் ஆண்டு நிறைவுக்கு, நின்டெண்டோவே பழைய ரெட், ப்ளூ, யெல்லோ கேம்களை 3டிஎஸ் கருவிக்கு வெளியிட்டது. அந்தக் கருவியின் இணையக் கடை 2023 மார்ச் 27ல் மூடப்பட்டது. இன்னொரு பக்கம் 1990களின் அசல் கார்ட்ரிட்ஜுகளுக்கும் வயதாகிவிட்டது. ஆட்டத்தைச் சேமிப்பதற்காக உள்ளே வைத்த பொத்தான் பேட்டரி தீர்ந்தால் முதல் சிநேகிதர்களும் சேர்ந்தே அழிந்து போவார்கள். டீப் ஃப்ரீஸ் செய்த வேலையை அங்கே காலம் செய்கிறது.

2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் பழைய கேம்களுக்கான எமுலேட்டர்களை அனுமதித்தது. கேம்பாய் கேம்கள் ஐபோனிலும் ஓட ஆரம்பித்தன. அந்த ஐபோன்களின் பாகங்களைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை எங்கே இருக்கிறது? ஓசூர் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில்! 'பலகை பொருத்தப்படவில்லை' என்ற செய்தியைப் பார்த்துத் திகைத்த பிள்ளைகளின் ஊரிலிருந்து இப்போது அப்படிப்பட்ட கருவிகளுக்கான பாகங்கள் உலகத்துக்குப் போகின்றன.

ஜப்பானில் இந்த கேம் எத்தனை விற்றது என்று கணக்கு இருக்கிறது. இங்கே எத்தனை பேர் ஆடினார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. ரசீது இல்லாத பொருளுக்கு எப்படிக் கணக்கு இருக்கும்? அந்த வரலாறு இருப்பது மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும்தான். அதைக் கேட்டு எழுதி வைப்பதற்கு இதுதான் நேரம். அன்றைய பிள்ளைகள் இன்று சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார்கள், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிறார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: முதலில் எதை எடுத்தீர்கள், சார்மண்டரா, ஸ்குவிர்ட்டலா, பல்பசாரா?